மூன்றாவது பொக்ஸ்

ஜனவரி 13, செவ்வாய்

வேலை வான் வண்டி ஓடிய தூரத்தை வரிக் கணக்குக்கு எழுதி வைக்கச் சொல்லி முதலாளி பஞ்சலிங்கம் அண்ணை இந்த டயரியைத் தந்தார். தூரம் எழுத அரை வரி போதும். மிச்ச இடம் சும்மா கிடக்கிறது. வாடிக்கையாளரோடு இனி ஒருதரம் வாய் காட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்றும் அவர்தான் சொல்லியிருக்கிறார். ஆகவே வாயில் வருவதை இதில் எழுதப்போகிறேன்.

இன்று ஸ்காபரோவில் நாலு வீடு. நாலாவது வீட்டில்தான் வினை. வேலைத்தாளில் இருந்தது இவ்வளவுதான்: கணக்கு குகதாசன் பெயரில், மூன்று பொக்ஸ், ஒன்றும் தொலைபேசி வழியாகக் கம்பனியைக் கூப்பிடவில்லை, லைனைச் சரிபார்.

ஏன் ரிவி பொக்ஸுக்குத் தொலைபேசி என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். கூரையில் இருக்கும் சற்றலைட் சட்டி வானத்திலிருந்து படத்தை வாங்கும், ஆனால் திருப்பிப் பேசாது. திருப்பிப் பேசுவதற்குத்தான் தொலைபேசி வயர். பொக்ஸ் இடைக்கிடை தானாகவே டயல் பண்ணி, நான் இன்ன நம்பரில் இருக்கிறேன் என்று கம்பனிக்குச் சொல்லும். ஒரு கணக்கில் இரண்டு மூன்று பொக்ஸ் இருந்தால் எல்லாம் ஒரே லைனிலிருந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் வேறு வேறு வீட்டில் வைத்து ஏய்க்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் சனம் இதில் விண்ணர்கள். ஒரு கணக்கை எடுத்து மச்சான் வீட்டுக்கொன்று, மாமி வீட்டுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். போன வருடம் ஒரு அடுக்குமாடியில் ஆறாம் மாடி பல்கனியிலிருந்து ஐந்தாம் மாடிக்குத் தொலைபேசி வயர் தொங்கியது. துணி காயப்போடும் கொடி என்றார்கள். ஜனவரியில்.

குகதாசன் வீடு இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். மறுபாதியில் ஆள் இல்லை. வாடகைக்கு என்று பலகை நட்டிருந்தது, வாசலில் முழங்கால் அளவு பனி, ஒரு காலடி இல்லை. கதவைத் தட்டினேன். கடிதம் போடும் ஓட்டை மட்டும் திறந்தது.

"ஆர்?"

"சற்றலைட் ரிவி திருத்த வந்தனான், அக்கா."

"நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லையே."

"கணக்கு வைச்சிருக்கிறவர் கூப்பிட்டிருக்கிறார்."

ஓட்டை மூடியது. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு திறந்தது.

"உங்கடை ஒஃபிஸ் நம்பரைச் சொல்லுங்கோ. எடுத்துக் கேட்டுப்போட்டுத் திறக்கிறன்."

"அக்கா, எனக்கு விரல் விறைச்சுப் போச்சு."

"விறைக்கட்டும். நம்பரைச் சொல்லுங்கோ."

திறந்தபோது முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். பேக்கரி வேலை உடுப்பு, கையில் மா. பெயர் சிவமலர். பின்னால் ஆரணி என்று ஒரு சின்னப் பிள்ளை, கீழே ஹோலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. பொக்ஸ் கீழே ஒன்று, மேலே ஒன்று. மூன்றாவது எங்கே என்று கேட்டேன்.

"என்ரை மனுசன் வீட்டை விட்டுப் போகேக்கை கொண்டு போயிட்டார்."

"எங்கை இருக்கிறார்?"

"எனக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை."

சரி, எனக்கும் தேவையில்லை. வயர் இழுத்து இரண்டு பொக்ஸையும் தொலைபேசி லைனில் பூட்டினேன். சோதனை செய்தால் திரையில் 'லைன் பாவனையில் உள்ளது' என்று வருகிறது. குசினிச் சுவரில் இருக்கும் பழைய மணிபோனின் ரிசீவர் கொளுவியபடியே இருக்கிறது, ஒருவரும் பேசவில்லை. மீட்டரை வைத்தேன். நாற்பத்தெட்டு வோல்ட் காட்டவேண்டிய இடத்தில் ஏழு. யாரோ ரிசீவரைத் தூக்கி வைத்திருந்தால் மட்டும் வரும் கணக்கு. மீட்டரைத் தட்டிப் பார்க்குமுன் நாற்பத்தெட்டுக்கு ஏறிவிட்டது. அதே நேரம் குசினியில் போன் 'டிங்' என்று ஒருதரம் அடித்து ஓய்ந்தது.

சிவமலர் அசையாமல் நின்றார். "உதுதான் தம்பி. அடிக்கடி உப்பிடி அடிக்குது."

எங்கேயோ மூட்டில் ஈரம், குளிருக்கு விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவன், தெரிந்துதான் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

"நீங்கள் என்ன படிச்சனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. லைனிலை ஆரும் நிக்கினமோ எண்டு கேட்டனான்."

இவர்களுக்கு விளங்கப்படுத்தி மாளாது. வெளியே வந்து கூரையைப் பார்த்தேன். சட்டியிலிருந்து மூன்று கேபிள். இரண்டு இவர் வீட்டுக்குள் இறங்குகிறது, மூன்றாவது கூரையின் மறுபக்கம் போகிறது. பழைய வேலை, கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். சோம்பேறிகள்.

ஜனவரி 14, புதன்

ஐந்து வீடு. ஒரு வீட்டில் பிட்டும் மீன் குழம்பும் தந்தார்கள். குறிப்பிட ஒன்றுமில்லை.

ஜனவரி 16, வெள்ளி

சிவமலர் ஒஃபிஸுக்கு அடித்து மணி இன்னும் அடிக்கிறது என்று முறையிட்டிருக்கிறார். பஞ்சலிங்கம் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "டேய் பிரணவன், ஒரு வீட்டுக்கு எத்தினை தரமடா போவாய்? பொம்பிளை பயந்துபோய்க் கதைக்குது. போய் ஒழுங்காச் செய்துபோட்டு வா," என்றார்.

சிவமலர் வீட்டுக்குப் போன் எடுத்து, செவ்வாய் வருகிறேன், இனி ஒஃபிஸுக்கு அடிக்க வேண்டாம், என் செல்லுக்கே அடியுங்கள் என்றேன். நம்பரை மெதுவாகச் சொன்னேன். எழுதிவிட்டேன் என்றார். திருப்பியும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஜனவரி 20, செவ்வாய்

கொலைக் குளிர். இம்முறை ஒஃபிஸுக்கு அடித்துக் கேட்கவில்லை, ஓட்டையால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தார். முன்னேற்றம்.

இரண்டு பொக்ஸின் போன் வயரையும் கழற்றி வைத்தேன். இனி வீட்டில் ரிவிப் பொக்ஸ் எதுவும் லைனைத் தொட வழியில்லை, அப்போதும் மணி அடித்தால் உங்கள் போனில்தான் பிழை, புதுப் போன் வாங்குங்கள் என்றேன்.

நான் நிலக்கீழ் அறையில் மூட்டுகளைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மேலே போனில் பேசுவது கேட்டது. காது கொடுக்கவில்லை, இந்த வீட்டுப் பலகைகள் அப்படி. ஒட்டாவாவில் யாரோ மச்சாள். பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை, காலை பஸ். வீட்டுக்காரனுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆரணிக்கும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் போய் உளறிவிடும். "இல்லையடி, ஒருத்தருக்கும் தெரியாது, உனக்கு மட்டும்தான்." வைத்துவிட்டார்.

கொஞ்சம் பொறுத்து, டிங்.

படியால் இறங்கி வந்து என்னைப் பார்த்தார். "கேட்டதோ? நான் வைச்சாப் பிறகுதான் அடிக்கும். எப்பவும் நான் வைச்சாப் பிறகு."

வயரில் மிச்சம் நிற்கும் கரண்ட் வடிகிறது, அதுதான் மணியைத் தட்டுகிறது என்றேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் ஏதாவது சொல்லாமல் அந்த வீட்டிலிருந்து வெளிக்கிட முடியாது.

"தம்பி, அவர் கிட்ட வரக்கூடாது எண்டு கோர்ட்டிலை எழுதித் தந்திருக்கினம். அந்தக் கடதாசியை ஃப்ரிட்ஜிலை ஒட்டி வைச்சிருக்கிறன். ஆனா அவர் இந்த வீட்டுக்குள்ளை நிக்கிற மாதிரியே எனக்குக் கிடக்குது. நான் போனிலை கதைச்ச கதை ரெண்டு நாளாலை அவரின்ரை ஆக்களின்ரை வாயிலை வருது."

நான் ரிவி திருத்துகிறவன். அதைப் பொலிஸிடம் சொல்லுங்கள் என்றேன். சொன்னாராம். என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம்.

வெளியே வரும்போது மறுபாதி வீட்டின் பக்கச் சுவரில் ஹீட்டர் புகைக்குழாயால் ஆவி வந்துகொண்டிருந்தது. அதன் கீழே பனி கரைந்து புல் தெரிந்தது. ஆளில்லாத வீட்டுக்கும் சூடு வைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணிக்குழாய் வெடிக்கும். வீட்டுக்காரனுக்குப் புத்தி இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

குகதாசன் என் செல்லுக்கு அடித்தார். நான் நினைத்தது போல இல்லை. நல்ல மரியாதையான மனுஷன். குரலே உயரவில்லை.

"தம்பி, நீங்கள்தானே எங்கடை வீட்டை போனனீங்கள்? வடிவாச் செய்திருக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன்."

இந்த வேலையில் யாராவது வடிவாகச் செய்தாய் என்று சொல்லி எவ்வளவு காலம். அவரிடம் இருக்கும் பொக்ஸில், தொலைபேசியை இணைக்கவும் என்று திரையில் எழுத்து வந்து படத்தை மறைக்கிறதாம். அது போக என்ன வழி என்று கேட்டார். கேள்வி கேட்ட விதத்திலேயே ஆள் விஷயம் விளங்கிக்கொள்ளக்கூடியவர் என்று தெரிந்தது. மற்றவர்களுக்குப் பத்துத்தரம் சொல்ல வேண்டும், இவருக்கு ஒருதரம்தான். உங்கள் பொக்ஸும் வீட்டு லைனிலிருந்துதான் கூப்பிட வேண்டும், வேறு லைனில் கொளுவினால் கம்பனி பிடித்துவிடும் என்றேன்.

"அதே லைனோ?"

"அதே லைன். வேறை வழியில்லை, அண்ணை. நீங்கள் வேறை இடத்திலை இருக்கிறியள், உங்களுக்கு அது ஏலாது."

"அது பிரச்சினையில்லை, தம்பி."

மேலே இருக்கும் பொக்ஸ் எந்த அறையில் என்று கேட்டார். பிள்ளையின் அறை என்றேன். பிள்ளை இப்போது தனியவா படுக்கிறாள் என்று கேட்டார். அதெல்லாம் எனக்குத் தெரியாது என்றேன். தகப்பன்தானே, கேட்பார்.

என் நம்பரை அக்கா கொடுத்திருப்பார். வேறு யார் கொடுப்பது.

ஜனவரி 28, புதன்

பனிப்புயல். வேலை இல்லை. நான் இருக்கும் நிலக்கீழ் வீட்டு யன்னலைப் பனி முழுதாக மூடிவிட்டது. மேலே இருக்கும் வீட்டுக்காரர் ஞானேஸ்வரன் ஐயா வாசல் பனியை வெட்டச் சொல்லிக் கதவில் குத்துகிறார். தன் பெறாமகனை, தம்பியின் மகனை, பிடித்து எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர் அவர்தான். தூங்குகிற மாதிரிக் கிடந்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்

சிவமலர் செல்லுக்கு அடித்தார். பேக்கரிப் போனிலிருந்து. மணி இப்போது வேறு மாதிரி அடிக்கிறதாம். முந்தி ஒரு டிங். இப்போது சில நாட்களில் டிங்டிங்டிங்டிங் என்று கடகடவென்று. எடுத்துக் காதில் வைத்தால் கீச்சென்று இரைச்சல். "ஏதோ மிசின் மிசினோடை கதைக்கிற மாதிரி."

அது பொக்ஸ் டயல் பண்ணும் சத்தம் என்றேன். நல்ல அடையாளம், வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"நீங்கள்தானே வயரைக் கழட்டினனீங்கள்?"

நான் பூட்டியிருப்பேன், கழற்றியிருப்பேன், ஒரு நாளைக்கு எத்தனை வீடு. பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பஞ்சலிங்கம் அண்ணை கம்பனியிலிருந்து வந்த பட்டியலைக் காட்டினார். குகதாசன் கணக்கில் பொக்ஸ் ஒழுங்காகக் கூப்பிட்டிருக்கிறது, லைன் சரியானது, முறைப்பாட்டை மூடியாயிற்று. "பாத்தியோ, மனம் வைச்சாச் செய்வாய்," என்று முதுகில் தட்டினார். ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார்.

பிப்ரவரி 6, வெள்ளி

நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

காலையில் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது. இரண்டு பொக்ஸையும் நான்தான் கழற்றினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, வயரைச் சுருட்டி ரிவிக்குப் பின்னால் வைத்தேன். அப்படியென்றால் கூப்பிட்டது எது?

பஞ்சலிங்கம் அண்ணைக்கு அடித்துப் பட்டியலைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். கூப்பிட்டது ஒரே ஒரு பொக்ஸ். மூன்றாவது. நம்பர் சிவமலர் வீட்டு நம்பர்.

உடனே சிவமலருக்கு அடித்தேன். அதே லைனில் கொளுவியிருக்கிறவரும் கேட்பார், அது முட்டாள்தனம் என்பது மணி போகும்போதுதான் தலைக்குள் ஏறியது. நிற்பாட்டுமுன் எடுத்துவிட்டார்.

ஒரு க்ளிக். "ஹலோ?" பிறகு இன்னொரு க்ளிக். சத்தம் கொஞ்சம் இறங்கியது, ஒரே லைனில் இரண்டு பேர் தூக்கினால் இறங்குவது போல. எவ்வளவு துல்லியமாகக் கேட்டது. இதுவரை இது என் காதில் விழாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று தெரியவில்லை.

எனக்குப் பொய் சொல்ல வராது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, பிரணவன் கதைக்கிறன். உங்கடை லைன் சரி வந்திட்டுது. இனி நான் வரத் தேவையில்லை."

"சரி வரேல்லையே, தம்பி. இப்பவும் காலமை அடிச்சது."

"சரி வந்திட்டுது எண்டு சொல்லுறன், விளங்கேல்லையே? இனி என்னைக் கூப்பிடாதேங்கோ." பக்கென்று வைத்தேன். வழக்கமாக நான் பேசும் முறைதான். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

வானைப் பின் தெருவில் விட்டுவிட்டு வேலியோடு நடந்தேன். பக்கச் சுவரில் தொலைபேசிக் கம்பனியின் சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். தெரு லைன் வீட்டுக்குள் போவது அதற்குள்ளால்தான். முதல் நாளே நான் அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். குளிர் என்று திறக்கவில்லை. மூடியைத் திறந்தேன். வீட்டுக்குள் போவது ஒரு சோடி வயர். அதே திருகாணியில் இன்னொரு சோடி. புது வயர். திருகாணியில் வலஞ்சுழியாகச் சுற்றி, மிச்சத்தை அளவாக வெட்டி, சுவர்ப் பலகைக்குக் கீழே ஆணியே தெரியாமல் ஒட்டியிருந்தது. நான் கட்டும் கட்டை விட வடிவு. அது மறுபாதி வீட்டுச் சுவருக்குள் போய் மறைந்தது.

அப்போதுதான் கீழே பார்த்தேன். முன்வாசலில் காலடி இல்லை என்றுதானே எழுதியிருந்தேன். பின்பக்கம் நான் போகவேயில்லை. மறுபாதி வீட்டின் பின்கதவிலிருந்து சிவமலரின் குசினி யன்னல் வரை பனியில் ஒரு பாதை. ஒருநாள் இருநாள் நடந்ததல்ல. மிதித்து மிதித்துச் சீமெந்து போல இறுகியிருந்தது. யன்னலுக்குக் கீழே, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு, பனி முழுதாக உருகி நிலம் தெரிந்தது.

என்னிடம் சோதனைப் போன் ஒன்று உண்டு. பேசாமல் கேட்க மட்டும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுப் புது வயரில் கவ்வினேன். மெல்லிய ஒரு க்ளிக் மட்டும் வந்திருக்கும்.

முதலில் கார்ட்டூன் சத்தம் கேட்டது. ஆரணி பார்க்கும் அதே கார்ட்டூன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை சிரித்தது. போனுக்குள்ளும் அதே சிரிப்பு, தூரத்தில், சுவரின் மறுபக்கத்திலிருந்து கேட்பது போல. பிறகு ஒரு கரண்டி கோப்பையில் கலக்கும் சத்தம். ஆறுதலாக. அவசரமே இல்லாமல். கரண்டி நின்றது.

"தம்பியோ?"

சுவிட்சைத் தடவிப் பார்த்தேன், கேட்க மட்டும் என்பதில்தான் நின்றது.

"தம்பி, கையுறை போட்டிருக்கிறியளோ? வெளியிலை நல்ல குளிர்."

கம்பி வெட்டும் குறட்டை எடுத்து அந்தப் புது வயரை வெட்டினேன். ஓடிப்போய் முன்கதவை இரண்டு கையாலும் அடித்தேன். ஓட்டை திறந்தது.

"ஆர்?"

"நான்தான், திறவுங்கோ!"

"வரமாட்டன் எண்டுதானே சொன்னனீங்கள். ஆர் அனுப்பினது? அவரோ அனுப்பினது?"

அந்த ஓட்டைக்கு முன் முழங்காலில் இருந்து, வாழ்க்கையில் முதல் தரம் ஒரு வாடிக்கையாளரிடம் மெதுவாகப் பேசினேன். "அக்கா, நீங்கள் சொன்னது சரி. லைனிலை ஆள் நிக்குது. பக்கத்து வீட்டிலை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்பவே வாங்கோ."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கதவு திறந்தபோது பிள்ளைக்குச் சப்பாத்து போட்டாயிற்று. ஃப்ரிட்ஜில் இருந்த கடதாசி மடித்துக் கையில் இருந்தது. எவ்வளவு காலமாக இதற்கு ஆயத்தமாக இருந்தாரோ.

வானுக்குள் ஏறிக் கதவைப் பூட்டிப் பொலிஸுக்கு அடித்தேன். காத்திருந்தபோது அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தப் பொக்ஸை என்ரை லைனிலை கொளுவ வேணும் எண்டு அவருக்கு என்னண்டு தெரியும்? அவருக்கு உதுகள் ஒண்டும் தெரியாது. பல்பு மாத்தவும் ஆளைக் கூப்பிடுவார்."

ஹீட்டரைக் கூட்டினேன். ஆரணிக்குக் கால் குளிர்ந்திருக்கும்.

பிப்ரவரி 7, சனி

ஆள் இல்லை. பொலிஸ் உள்ளே போனபோது பின்கதவு திறந்து கிடந்ததாம். வாடகைப் பத்திரம் வேறு பெயரில், வாசல் பலகையை மட்டும் கழற்றாமலே விட்டிருக்கிறார். ஒரு மெத்தை, ஒரு ரிவி, ஒரு கதிரை. கதிரை ரிவியைப் பார்த்து இருக்கவில்லை, நடுச்சுவரைப் பார்த்து இருந்தது. கோப்பையில் தேத்தண்ணி இன்னும் ஆறவில்லை. மூன்றாவது பொக்ஸ் இல்லை. அதைக் கையோடு கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஓடுகிற ஆள் எதற்கு ரிவிப் பொக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பொலிஸ்காரர் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

இன்று சிவமலரும் பிள்ளையும் சாமான் எடுக்கப் பொலிஸோடு வந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், வயரைக் காட்டுவதற்கு. ஒட்டாவாவுக்குப் போகவில்லையாம். அது குகதாசனுக்குத் தெரியும்.

"வேறை இடம். எங்கை எண்டு உங்களுக்கும் சொல்லேல்லை. குறை நினையாதேங்கோ, தம்பி."

"சொல்லாதேங்கோ," என்றேன்.

பெட்டி எல்லாம் ஏற்றி முடிய ஆரணி ரிவிப் பொக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதது. கார்ட்டூன் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறது. சிவமலருக்குப் போராடத் தெம்பில்லை. "கொண்டு வரட்டும். போற இடத்திலையும் சட்டி இருக்காம்."

பொக்ஸ் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். புது வீட்டில் யாராவது ஒரு கெட்டிக்காரன் பின்னால் தொலைபேசி வயரைக் கொளுவிவிட்டால் போதும், அது தானாகவே டயல் பண்ணி, நான் இன்ன நம்பரில் இருக்கிறேன் என்று சொல்லிவிடும். கணக்கு குகதாசன் பெயரில். கம்பனிக்கு அடித்துக் கேட்டால் சொல்வார்கள்.

பிள்ளையிடம் ஒருதரம் தா, துடைத்துத் தருகிறேன் என்று வாங்கினேன். தொலைபேசித் துவாரத்துக்குள் திருப்புளியை விட்டுத் திருகினேன். உள்ளே பித்தளை ஊசிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. மேலே இருந்த பொக்ஸையும் அப்படியே செய்தேன். ஆரணி பார்த்துக்கொண்டு நின்றது.

"உடைச்சுப்போட்டியளோ, மாமா?"

"இல்லை. வாயைப் பூட்டியிருக்கிறன். படம் வரும்."

பிப்ரவரி 12, வியாழன்

குகதாசன் கணக்கில் இரண்டு பொக்ஸ் சேதம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். பஞ்சலிங்கம் அண்ணை கத்தினார். விட்டேன், கத்தட்டும். கணக்கை மூடச் சொன்னால் என்ன என்று கேட்டேன். முடியாது, அது அந்த மனுஷன்தான் சொல்ல வேண்டும், அவர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். நேற்றும் கட்டியிருக்கிறாராம்.

பிப்ரவரி 18, புதன்

மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல் அடித்தது. நம்பர் தெரியாதது.

"தம்பி, சுகமோ?"

அதே குரல். அதே மரியாதை. பொலிஸுக்குச் சொல்வேன் என்றேன்.

"சொல்லுங்கோ. நான் ஒரு சின்ன விஷயம் கேக்கத்தான் எடுத்தனான். உங்களுக்குத்தானே உதுகள் தெரியும். அந்த ரெண்டு பொக்ஸும் இப்ப எங்கையிருந்து கூப்பிடுது? கம்பனியிலை கேட்டன், ஒண்டும் வரேல்லை எண்டினம்."

"அது ரெண்டும் இனிக் கூப்பிடாது."

"ஏன்?"

"முறிச்சுப்போட்டன்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். மூச்சுச் சத்தம்கூட மாறவில்லை. அந்த நேரம் என் தெருவில் பனி அள்ளும் வண்டி வந்தது. பின்னுக்கு எடுக்கும்போது பீப் பீப் பீப் என்று கத்தும், நிலம் அதிரும். வலது காதில் அது யன்னலால் கேட்டது.

இடது காதில் போனுக்குள்ளால் கேட்டது.

"வடிவாச் செய்திருக்கிறியள், தம்பி," என்றார். வைத்துவிட்டார்.

எல்லாத் தெருவிலும்தான் பனி வண்டி ஓடுகிறது. இந்தக் கிழமை ஸ்காபரோ முழுக்க அள்ளுகிறார்கள்.

பொலிஸுக்கு அடித்தேன். என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள்.

பிப்ரவரி 19, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. தூரம் ஒன்றுமில்லை.

காலையில் வெளியே போய் இந்த வீட்டின் சாம்பல் நிறத் தொலைபேசிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு சோடி வயர். எல்லாத் திருகாணியையும் இறுக்கினேன். யன்னலில் இருந்த பனியை வெட்டி அள்ளினேன். இனி வெளியே நிலம் தெரியும். என் வீட்டுப் போனைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். கழற்றிய போன் மணி அடிக்காது. அதற்கு வழியே இல்லை. நான் படித்தவன்.

இப்போது கதவில் யாரோ தட்டுகிறார்கள். ஆர் என்று கேட்டேன்.

"நான்தானடா, ஞானேஸ்வரன்! திறவன், விறைக்குது!"

குரல் தெரிந்த குரல்தான். இருமலும் அவருடைய இருமல்தான்.

"ஐயா, எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்த உங்கடை பெறாமகன்ரை பேர் என்ன?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? எனக்கு விரல் விறைச்சுப் போச்சு!"

"விறைக்கட்டும்," என்றேன். "பேரைச் சொல்லுங்கோ."